கடல் கடந்தவனுக்கு முதுமை வராதா?

திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் தங்கி வேலை தேடும் வாலிபனுக்கு வெளிநாட்டு உத்தியோகம் கிடைத்துவிட்டால், உடனே பஞ்சாங்கத்தைப் புரட்டி, இராகுகாலம் எமகண்டம் தள்ளி, நல்ல நாள் பார்த்தே விமானம் ஏறுகின்றான். ஆனால் தன்னுடைய முதுமைக்கும் விபத்துக்கும் முதலாளி என்ன கட்டுகின்றார் என்று வேலை ஒப்பந்தத்தில் ஒரு வரியாவது பார்க்கின்றானா? இல்லை. பின்னால் வெறுங்கையோடு திரும்பினால் "தலையெழுத்து" என்கின்றான். இது தலையெழுத்தல்ல, ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்ட எழுத்தேயாகும்.

மலாயா சங்கதியைப் பாருங்கள். 1907-ல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்று ஏற்படுத்தித் தோட்ட முதலாளிகளிடம் பணம் வசூலித்தார்கள். எதற்காக? முக்கியமாக நம் ஜனங்களைக் கப்பலேற்றிக் கொண்டுபோவதற்காக! உழைத்து ஓய்ந்தவனுக்குச் சேமிப்பு என்பது 1951-ல் வைப்பு நிதிச் சட்டம் வந்த பிறகுதான். அயல்நாட்டுத் தொழிலாளிக்கு அது கட்டாயமானதோ 2025 அக்டோபரில்தான். அதிலும் உள்நாட்டானுக்கு முதலாளி பொதுவாக 12, 13 சதவீதம் கட்டுகையில் அயலானுக்கு 2 சதவீதமே. சிந்தும் வேர்வையில் இவ்வளவு வித்தியாசம் உண்டா என்று கேட்கின்றோம்.

படித்தவர்கள் கதியும் மேலானதன்று. எச்-1பி அனுமதியில் அமெரிக்கா செல்பவர் சம்பளத்தில் 6.2 சதவீதமும், முதலாளி மற்றொரு 6.2 சதவீதமும் அந்நாட்டு ஓய்வூதியக் கணக்கில் கட்டவேண்டும். ஓய்வூதியம் பெறச் சுமார் 10 வருஷம் கட்டியிருக்கவேண்டும். அனுமதியோ சாதாரணமாக 6 வருஷம். எனவே இடையில் திரும்புகின்றவன் கட்டிய பணம் அவனுக்குப் பிரயோஜனமில்லாமல் போகின்றது.

இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. 2009-ல் பெல்ஜியத்தோடு அமுலுக்கு வந்தது முதல், ஜெர்மனி, பிரான்சு, ஜப்பான் முதலிய நாடுகளோடு இந்தியாவுக்கு ஒப்பந்தம் உண்டு. அங்கே ஊழியரை அனுப்பும் கம்பெனி, வைப்பு நிதி அலுவலகத்தில் அத்தாட்சிப் பத்திரம் பெற்றுக் கொடுத்தால், குறித்த காலம் வரை இங்கு கட்டுவதே போதும்; இரட்டைச் செலவில்லை. அப்பத்திரத்தைப் பெற்றுத் தருவது முதலாளியின் கடமையேயன்றித் தர்மமல்ல.

ஆகவே, அமெரிக்காவோடும் மலேசியாவோடும் வளைகுடா நாடுகளோடும் இத்தகைய ஒப்பந்தம் காண சர்க்கார் முயலவேண்டும். எந்த நாட்டுக்கு அனுப்பினாலும் வைப்பு நிதி, விபத்து ஈடு, திரும்பிவரும் செலவு மூன்றும் ஒப்பந்தத்தில் எழுதப்படவேண்டும். தோழர்களே, பயணத்துக்கு நாள் பார்க்கும் நேரத்தில் அந்தக் காகிதத்தைப் படித்துப் பாருங்கள். புரியவில்லையானால் புரிந்தவரிடம் காட்டிக் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை, கேளாமல் கையெழுத்திடுவதே வெட்கம்.