வெறுந்தொட்டிக்கு ஆறு கிழமை

பெருநாள் முடிஞ்ச கையோட கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கம் எத்தனை வீட்டில் மீன் சாகுது என்று யாரும் எண்ணிப் பார்க்கிறதில்ல. பெருநாள் காசில் புள்ளைகள் கண்ணாடித் தொட்டி வாங்குதுகள். கல்லு, பம்ப், நாலு கோல்ட்ஃபிஷ், எல்லாம் ஒரே பின்னேரத்தில். பத்து நாளைக்குள்ள மீன் மிதக்கும். "கண்ணூறு" என்பா உம்மம்மா. "அழாத, இன்னொண்டு வாங்கலாம்" என்பார் வாப்பா.

கண்ணூறும் இல்ல, ஒண்டும் இல்ல. மீன் தன்ட செவுளால அம்மோனியாவை வெளியேத்துது. குளத்தில் அதைத் தின்ன பாக்டீரியா இருக்கு. புதுத் தொட்டியில் இல்ல. முதல் வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும். அதுவும் நஞ்சுதான்: இரத்தத்தில் ஏறி, ஹீமோகுளோபினைக் கெடுத்து, இரத்தத்தையே மண்ணிறமாக்கும். தண்ணியில் ஒட்சிசன் இருந்தும் மீன் மூச்சு முட்டிச் சாகும். இரண்டாவது வகைதான் அதை ஆபத்துக் குறைந்த நைட்ரேட் ஆக்குது. அது நைட்ரோபாக்டர் என்று கனகாலம் எழுதி வந்தாங்க. நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்றது நைட்ரோஸ்பைரா என்று 1998இல் ஹோவனெக் குழு காட்டியது. குடல் பாக்டீரியா 20 நிமிஷத்தில் இரட்டிக்கும். இதுகளுக்கு ஒரு நாள் வரைக்கும் போகும். அதுதான் நாலு முதல் ஆறு கிழமை.

இந்த ஆறு கிழமைக்கு மீன் தேவையே இல்ல. பைப் தண்ணியென்றால் ஒரு நாள் திறந்து வச்சு குளோரின் போக விடுங்க. ஃபில்டரை நிப்பாட்டாம ஓட விடுங்க. ஒரு பச்சை இறாலை வலைத் துணியில் கட்டிப் போடுங்க, அழுகி அம்மோனியா வரும். மணக்கும், உம்மா ஏசுவா. முதல்ல அம்மோனியா ஏறும், பிறகு நைட்ரைட். கடைசியில் இரண்டுமே பூச்சியத்துக்கு வந்து நைட்ரேட் மட்டும் காட்டும். சோதிக்கிற கிட் வாங்கத்தான் வேணும். பிறகு இறாலை எடுத்து, தண்ணியில் பெரும்பகுதியை மாத்தி, இரண்டு மூணு மீனாக விடுங்க. பழைய தொட்டி வச்சிருக்கிற கூட்டாளிக்கிட்ட ஒரு துண்டு ஃபில்டர் ஸ்பொஞ்ச் கேட்டு வாங்கினா, காலம் இன்னும் குறையும்.

"முதல்ல மலிவான மீனை விட்டுப் பார்ப்பம்" என்கிற புத்திமதிதான் எனக்குக் கோபம். மலிவு என்றால் நஞ்சு சுடாதா? பூனையைக் கட்டிப் போட்டு, தீனியும் போடாம, தேடித் தின்னவும் விடாத பெண்ணின் ஹதீஸை மத்ரஸாவில் கேட்காத புள்ளை எங்கட ஊரில் இல்ல. நாங்க தீனி போடுறம்தானே என்று சொல்ல ஏலாது. போடுற தீனிதான் தொட்டிக்குள்ள அம்மோனியாவா மாறுது. பூனைக்காவது கத்த முடிந்தது.

ஆறு கிழமை வெறும் தண்ணியைப் பார்த்துட்டு இருக்கிறதா என்று கேட்கிறவங்க, வெள்ளாமைக்கு மூணரை மாசம் காத்திருக்கிற மாவட்டத்தில்தான் இருக்கிறாங்க. கடைக்காரங்களிடமும் ஒரு கேள்வி: தொட்டியை இன்றைக்கு வித்துட்டு, மீனுக்கு அடுத்த மாசம் வரச் சொன்னா யாவாரத்தில் என்ன குறையும்?