இசைத்தட்டுக்கு என்ன மதிப்பு?

2015 டிசம்பர் வெள்ளத்தில், மந்தைவெளியில் நான் குடியிருந்த தரைத்தள வாடகை வீட்டுக்குள் முழங்கால் அளவு நீர் புகுந்தது. அலமாரியின் அடித்தட்டில் இருந்த இசைத்தட்டுகளின் உறைகள் கூழாயின. 78 சுழற்சித் தட்டுகள் சிலவற்றில் பெயர்ச்சீட்டே உரிந்துவிட்டது. வீட்டு உரிமையாளரின் காப்பீடு கட்டடத்துக்கு மட்டுமே என்பது அப்போதுதான் உறைத்தது.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2021 ஏப்ரல் 1 முதல் கொண்டுவந்த ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசியில், வாடகைதாரரும் தம் உடைமைகளுக்கு மட்டும் காப்பீடு பெறலாம். வெள்ளச் சேதமும் அதில் அடங்கும். (திருட்டுக்கு அது பெரிதாக உதவாது: வெள்ளம், தீ போன்ற நிகழ்வையடுத்த ஏழு நாள்களுக்குள் நேரும் களவை மட்டுமே ஏற்கும்.) சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பொதுவான வீட்டுப் பொருள்களுக்கு, அவற்றை மீண்டும் வாங்கும் செலவே இழப்பீட்டுக்கு அடிப்படை. உற்பத்தி நின்று அரை நூற்றாண்டு கடந்த அரக்குத் தட்டைப் புதிதாக எங்கே வாங்குவது?

நகை, ஓவியம், கலைப்பொருள் ஆகியவற்றுக்கு முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்பில் கூடுதல் காப்பீடு உண்டு. மொத்தம் ரூ.5 லட்சத்துக்கும், தனிப்பொருள் ரூ.1 லட்சத்துக்கும் மிகாவிட்டால் மதிப்பீட்டுச் சான்றிதழும் வேண்டாம். ஆனால் அந்த வரையறையில் இசைத்தட்டு இல்லை. ‘இவை போன்ற பிற பொருள்கள்’ என்ற தொடரே நமக்குப் பிடிமானம். அதை முகவரின் வாய்ச்சொல்லுக்கு விட்டுவிடக் கூடாது. தட்டுகளின் பட்டியலும் மதிப்பும் பாலிசி ஆவணத்திலேயே ஏற வேண்டும்.

என் பட்டியல் இன்னும் முடியவில்லை. பெயர்ச்சீட்டை இழந்த தட்டுகளை ஒவ்வொன்றாக ஓட்டிக் கேட்டு, பாடியவர் யாரென்று குறித்துக்கொண்டிருக்கிறேன்.