அடிக்கோடு ஒரு ஜோக்கர்

போன வாரம் வானொலி நிலையக் கணினியில் பழைய விளம்பரங்களை அழிக்கும் வேலை. எல்லாமே ‘தீபாவளி_’ என்று தொடங்கும் பெயர்கள். ‘தீபாவளி_%’ என்று தேடினேன். இந்த ஆண்டு பதிவு செய்த ‘தீபாவளி-பேட்டி’யும் பட்டியலில் வந்து நின்றது! பார்க்காமல் அழித்திருந்தால், பண்டிகையன்று மைக் முன் திருதிருவென முழித்திருப்பேன்.

தரவுத்தளத்தின் ‘லைக்’ தேடலில் (முகநூல் லைக் இல்லைங்க!) _ என்பது சீட்டுக்கட்டு ஜோக்கர் மாதிரி, ஏதாவது ஓர் எழுத்துக்குப் பதிலாக நிற்கும். % எத்தனை எழுத்துக்கும் நிற்கும். ‘50%’ கழிவைத் தேடினால் ‘500 வெள்ளி’யும் வரும். அடிக்கோட்டை வெறும் அடிக்கோடாகவே பார்க்கவைக்க, அதன் முன்னால் வேறொரு குறி வைத்து, அந்தக் குறி எதுவென்றும் சொல்லிவிட வேண்டும்:

லைக் 'தீபாவளி!_%' எஸ்கேப் '!'

மறுபடி தேடினேன். பழைய விளம்பரங்கள் மட்டும் வந்தன. அழித்தாயிற்று, பேட்டி பத்திரமாக இருக்கிறது.