மையித்துகளைக் காட்டி நற்சான்றிதழ் வாங்க வேண்டாம்



மே மாதம் வந்தால் நம் எம்.பி.மாரின் உரை நமக்கே மனப்பாடம். 1996 ஜூலையில் முல்லைத்தீவு முகாமைக் காப்பாற்றப் போய் உயிர் கொடுத்த பஸ்லி லாபிர், அவருக்குக் கிடைத்த பரம வீர விபூஷண. 2005 மே 31இல் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்ட புலனாய்வு அதிகாரி நிஸாம் முத்தலிப். பிறகு சித்திலெவ்வை, ரி.பி.ஜாயா. கடைசியில், நாங்களும் இந்த நாட்டுக்கு விசுவாசமானவர்கள் என்று முடியும். (வகுப்பில் ஒரு பிள்ளை இப்படி ஒப்புவித்தால் நாம் புள்ளி போடமாட்டோம்.)

லாபிரை நாமும் மதிக்கிறோம். ஆனால் சிங்கள எம்.பி. ஒருவர் தன் சமூகத்தின் விசுவாசத்தை நிரூபிக்க எந்தச் சிப்பாயின் பெயரையாவது எடுக்கிறாரா?

2020இல் ஜனாஸாக்களை எரித்தார்கள். அந்த ஒக்டோபர் 22ஆம் திகதியே இருபதாவது திருத்தத்துக்கு ஆதரவாக வாக்களித்த நம் எம்.பி.மாரை நாம் மறக்கவில்லை. லாபிரின் பதக்கம் அன்று ஒரு மையித்தைக்கூட நெருப்பிலிருந்து காப்பாற்றவில்லை.

1990 ஓகஸ்டில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நடந்த படுகொலைகளுக்குப் பிறகு, துவக்கோடு இரவிரவாக ஊர் எல்லையில் நின்ற ஊர்காவல் படைக்காரர் நம் கிழக்கூர்களில் இன்னும் இருக்கிறார்கள். மௌத்தானவர்களின் மனைவிமாரும் இருக்கிறார்கள். உங்கள் உரையில் இவர்கள் வருவதில்லை. இவர்களின் கொடுப்பனவு பற்றிச் சபையில் எத்தனை கேள்வி கேட்டீர்கள்? ஹன்சார்டைக் காட்டுங்கள், வாசிக்கிறோம். பெயர்கள் தெரியாதென்றால் ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலில் நில்லுங்கள். நாங்கள் எழுதித் தருகிறோம்.