வண்ணத்திற்கும் ஆண்டு உண்டு

வரலாற்றுச் சிறப்புமிக்க கட்டடங்களைச் சிற்றுருவங்களாகச் செய்து காட்சிக்கு வைப்பது கல்லூரி விழாக்களில் வழக்கமாகிவிட்டது. அட்டையும் தெர்மோகோலும் கொண்டு மாணவர்கள் எழுப்பும் மாடங்களும் மினாராக்களும் காண்போர் உள்ளத்தைக் கவர்கின்றன. நீளத்தையும் உயரத்தையும் கணக்கிட்டு அமைக்கும் அவர்கள், வண்ணத்தை மட்டும் கடையில் கிடைப்பதற்கு விட்டுவிடுகின்றனர். இதனைச் சிறு குறையெனத் தள்ளிவிட இயலாது என்பதே நம் கருத்து.

இக்கருத்து நமது பிழையிலிருந்தே பிறந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கண்காட்சியில் நாம் நடுவராக அமர்ந்தோம். ஜெரூசலத்திலுள்ள குப்பத்துஸ் ஸக்ராவின் சிற்றுருவம் ஒன்று பொற்குவிமாடத்துடன் ஒளிர்ந்தது. ‘சுல்தான் சுலைமான் காலத்துத் தோற்றம்’ என்று அதன்கீழ் எழுதப்பட்டிருந்தது. அதற்கே முதற்பரிசு அளித்தோம். விழா முடிந்தபின் ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர், “தம்பி, எங்கள் வாப்பா வைத்திருந்த பழைய படத்தில் இந்தக் குப்பா ஈய நிறமாகத்தானே இருந்தது? பொன்னானது எப்போது?” என்று வினவினார். நம்மிடம் விடை இல்லை.

விடை தேடியபோது வியப்பே மிஞ்சியது. கலீபா அப்துல் மலிக் காலத்தில் ஹிஜ்ரி 72-இல் (கி.பி. 691-92) எழுந்த அக்கட்டடத்தின் குவிமாடம் பொன்முலாமிட்ட செம்பால் போர்த்தப்பட்டுக் கதிரொளியில் மின்னியதைப் பத்தாம் நூற்றாண்டில் அவ்வூரினரான அல்முகத்தஸி எழுதியுள்ளார். பிற்காலத்தில் பல நூற்றாண்டுகள் அதனை மூடியிருந்தது ஈயத் தகடே. 1960-களின் திருப்பணியில் பொன்னிறம் காட்டும் அலுமினியக் கலப்புலோகத் தகடுகள் பொருத்தப்பட்டன. ஜோர்டான் மன்னர் ஹுசைனின் கொடையால் 1993-94-இல் ஏறத்தாழ 80 கிலோ பொன்கொண்டு முலாமிட்ட தகடுகள் வேயப்பட்டன. புறச்சுவரின் நீல ஓடுகளோ பதினாறாம் நூற்றாண்டில் சுலைமான் பதித்தவை. அதற்குமுன் அங்கு விளங்கியது கண்ணாடிச் சில்லுகளாலான பதிப்போவியம். ஆகவே சுலைமான் காலத்துச் சிற்றுருவத்திற்கு நீலச் சுவர் பொருந்தும், பொன்மாடம் பொருந்தாது. அப்துல் மலிக் காலத்திற்கோ பொன்மாடம் பொருந்தும். நீல ஓடு பொருந்தாது!

மதீனாவின் பச்சைக் குவிமாடமும் இத்தகையதே. கி.பி. 1279-இல் மம்லூக் சுல்தான் கலாவூன் காலத்தில் முதன்முதல் மாடம் எழுந்தது. அது பச்சை வண்ணம் பெற்றதோ 1837-இல்தான்.

இனி, சான்றுகளைக் கையாள்வதிலும் விழிப்பு வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஒளிப்படத் தகடுகள் நீல ஒளியை மிகுதியாகவும் மஞ்சள், சிவப்பு ஒளிகளைக் குறைவாகவும் ஏற்றவை. அதனால் நீல ஓடு வெளிறியும் பொன்னிறம் கறுத்தும் தோன்றக்கூடும். 1839-இல் ஜெரூசலம் சென்ற ஓவியர் டேவிட் ராபர்ட்ஸின் படங்கள் இலண்டனில் கல்லச்சாகிக் கையால் வண்ணம் தீட்டப்பெற்றவை. தீட்டியவர் அவ்வூரைக் கண்டிருக்க வேண்டும் என்பதில்லை. எனவே பயணக் குறிப்பு, கட்டடக் கல்வெட்டு, திருப்பணிப் பதிவு, படம் ஆகியவற்றை ஒப்புநோக்கியே முடிவு செய்தல் வேண்டும்.

நிறம் தெரிந்தபின்னும் ஒரு நுட்பம் உண்டு. பெரிய கட்டடத்தின் நிறத்தை அப்படியே சிற்றுருவில் பூசினால் அது மிகை அடர்த்தியாகத் தோன்றும். தொலைவிலிருந்து காண்பதுபோல் சிறிது வெண்மை கலந்து தணிக்க வேண்டும். புதிய ஈயம் பளபளக்கும். வெயிலும் மழையும் பட்டபின் மங்கிய சாம்பல் நிறமாகும். ஆகவே வெள்ளிப் பூச்சு ஈயத்திற்கு ஈடாகாது.

“பொன்னிறம் அழகாக இருக்கிறதே, அதனால் என்ன கேடு?” என்பார் உளர். அழகை நாம் மறுக்கவில்லை. பொன்மாடம் வேண்டுவோர் ‘1994-க்குப் பின்’ என்று எழுதட்டும். ஜெரூசலத்தில் வாழ்ந்த கான்ராட் ஷிக் என்ற ஜெர்மானியர் மரத்தால் செய்த ஹரம் ஷரீபின் சிற்றுருவம் 1873-இல் வியன்னா உலகக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. இன்று அதனை ஆய்வாளர் ஆராய்கின்றனர். இன்றைய சிற்றுருவம் நாளைய சான்றாகலாம். அவ்வூருக்குச் செல்ல வாய்ப்பற்ற ஒரு சிறுவனுக்கு நம் அட்டைக் கட்டடமே முதல் வரலாற்றுப் பாடமுமாகும்.

பரிசு பெற்ற மாணவரை அழைத்து உண்மையைக் கூறினோம். அவர் கோப்பையைத் திருப்பித் தர முன்வந்தார். பிழை நடுவருடையது என்பதால் நாம் பெற்றுக்கொள்ளவில்லை. மறுவாரம் அவர் குவிமாடத்திற்கு ஈய நிறம் பூசிக் கொணர்ந்தார். பொலிவு குறைந்திருந்தது, உண்மை கூடியிருந்தது. அதனை முதலில் அப்பெரியவரிடமே காட்டச் சொன்னோம்.

மாணவச் செல்வங்களே, தூரிகையைத் தொடுமுன் ஆண்டைக் கேளுங்கள். பெரியோர்களே, உங்கள் பெட்டியில் உறங்கும் பழைய படங்களை அவர்களுக்குக் காட்டுங்கள்.