அறிகுறி வரட்டும்னு காத்திருக்கலாமா?

அமெரிக்காக்காரர்கள் மான் வேட்டைக்குத் தோட்டாவைத் தாங்களே நிரப்பும் வீடியோக்களை ராத்திரி ரெண்டு மணிவரை பார்ப்பது என் கெட்ட பழக்கம். (நம்ம ஊரில் 1972 சட்டப்படி வேட்டை குற்றம். எனக்கு இருப்பது வெறும் மெக்கானிக்கல் ஆர்வம், வார்டன் சார் கவனிக்க.)

சுட்ட பித்தளைக் கூட்டில் புது பிரைமர், அளந்த பவுடர், மேலே புல்லட். பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திச் சுட்டுப் பார்ப்பார்கள். பிரைமர் தட்டையாகுதா, கூட்டின் அடியில் எஜெக்டர் தடம் பளபளக்குதா, போல்ட் தூக்க வராமல் இறுகுதா? எதுவும் இல்லைன்னா 'சேஃப்', இன்னும் கொஞ்சம் ஏத்து! எனக்கு இங்கேதான் இடிக்குது.

எஸ்ஓஎம் லேப் ஞாபகம் இருக்கா? யூடிஎம்மில் மாட்டிய கம்பி கண்ணுக்குத் தெரிந்து மெலியும்போது யீல்ட் பாயிண்ட் எப்பவோ தாண்டியிருக்கும். எஜெக்டர் தடமும் அப்படித்தான். பித்தளை யீல்ட் ஆகி அந்த ஓட்டைக்குள் பிதுங்கிய அடையாளம். அதை முன்னெச்சரிக்கை என்பது, விபத்துக்கு அப்புறம் எழுதின எஃப்ஐஆரை ஸ்பீட் பிரேக்கர்னு சொல்ற மாதிரி.

இன்னொன்று, பித்தளைக்குத் தான் எந்தத் துப்பாக்கியில் இருக்கோம்னு தெரியாது. அமெரிக்காவில் தோட்டாக்களுக்குத் தரம் நிர்ணயிக்கும் அமைப்பு எஸ்ஏஏஎம்ஐ. 30-06 ரகத்துக்கு அது வைத்திருக்கும் உச்ச வரம்பு 60,000 பிஎஸ்ஐ. (கார் டயரில் நாம அடிப்பது சுமார் 32!) லீவர் துப்பாக்கிகளில் போடும் 30-30க்கு 42,000. 1873-ல் வந்த பழைய 45-70க்கு வெறும் 28,000. ஆனால் கூடு வாய்விட்டு அழுவது பெரும்பாலும் 60,000ஐயும் தாண்டிய பிறகுதான். அதாவது 45-70ல் வரம்பைப் போல ரெண்டு மடங்கு போனாலும் கூடு சமர்த்தாக வெளியே வரலாம். நடுவில் அடி வாங்குவது முகத்துக்கு ஒரு சாண் தள்ளி இருக்கும் ஆக்‌ஷன். தலைகீழாவும் நடக்கும்: ஹெட்ஸ்பேஸ் அதிகம்னா மிதமான லோடிலேயே பிரைமர் தட்டையாகும்.

'முப்பது வருஷமா இப்படித்தான் பண்றேன்' என்பவர்களுக்கு நான் சொல்ல வருவது இதுதான். பிரஷரை சென்சார் வைத்து அளந்தவர்கள் அச்சிட்ட லோடு புத்தகம் இருக்கு. கீழேயிருந்து ஆரம்பிங்க, அதன் உச்சத்தைத் தாண்டாதீங்க. கூடவே ஒரு குரோனோகிராஃப் வைங்க. புத்தகத்தின் உச்ச வேகம் குறைந்த பவுடரிலேயே வந்துடுச்சுன்னா, பிரைமர் எவ்வளவு அழகா இருந்தாலும் அங்கேயே நிறுத்துங்க. அந்த வேகம் சும்மா வரலை, பிரஷர்தான் கொடுத்திருக்கு. குளிர்காலத்தில் சரியா இருந்த லோடு, வெயிலில் காய்ந்த தோட்டாவில் எகிறவும் செய்யும்.

இவ்வளவு ரிஸ்க்கும் நொடிக்கு ஐம்பது அடி கூடுதல் வேகத்துக்கு. மானுக்கு அது தெரியவா போகுது?