வரிப் பாடம் போடியில் தொடங்கட்டும்

"நாம விவசாயக் குடும்பம், நமக்கு ஏது வரி?" பொட்டிபுரத்திலிருந்து போடிமெட்டு வரை பல வீடுகளில் இதுதான் பேச்சு. இது பாதி உண்மை. சொந்தத் தோட்டத்தில் விளைந்து, உலர்த்தி விற்கும் ஏலக்காய்க்கு மத்திய வருமான வரி கிடையாது. விளைவித்தவர் ஜிஎஸ்டி பதிவு எடுக்கவும் வேண்டாம். ஆனால் அதே வீட்டுப் பையன் பக்கத்துத் தோட்டத்துக் காயை வாங்கி விற்கத் தொடங்கிவிட்டால் அவன் வியாபாரி. லாபத்துக்குக் கணக்கு உண்டு. மாநிலத்துக்குள் விற்கும்வரை 40 லட்ச ரூபாய் வரம்பு ஜிஎஸ்டி பதிவிலிருந்து அவனைக் காப்பாற்றும். கேரளத்து வியாபாரிக்கு ஒரே ஒரு மூட்டை விற்றாலும் பதிவு கட்டாயம். இதை அவனுக்கு யார் சொல்வது?

பள்ளிக்கூடம் சொல்வதில்லை. பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் 'அரசாங்கமும் வரிகளும்' என்று ஒரு பாடம் இருக்கத்தான் செய்கிறது. 1860இல் ஜேம்ஸ் வில்சன் வருமான வரியைக் கொண்டுவந்தார் என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். பான் எண்ணை எங்கே கொடுக்கலாம், சம்பளத்தில் பிடித்த பணம் என்ன ஆனது என்று எப்படிப் பார்ப்பது என்பதெல்லாம் பாடத்துக்கு வெளியே.

இந்த அறியாமையால் நஷ்டப்படுவது ஏழைதான். ஊரிலிருந்து சென்னைக்கோ கோவைக்கோ போய் மாதம் 20,000 ரூபாய்க்கு ஒப்பந்த வேலையில் சேரும் இளைஞரை எடுத்துக்கொள்வோம். 'தொழில்முறைக் கட்டணம்' என்று கணக்கெழுதி நிறுவனம் 10 சதவீதம் பிடித்தால் ஆண்டுக்கு 24,000 ரூபாய் போகிறது. புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரியே இல்லை. அவருடைய ஆண்டு வருமானமோ 2.4 லட்சம். பிடித்தது முழுவதும் அவருக்குத் திரும்ப வர வேண்டிய பணம். கணக்குத் தாக்கல் செய்தால்தான் வரும். 25,000 ரூபாய்க்குக் கீழே பிடித்தம் என்பதால் தாக்கல் செய்யும்படி சட்டமும் அவரை வற்புறுத்தாது. அவரும் செய்வதில்லை. கஜானாவுக்கு இப்படி ஒரு தானம்!

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கடன் வாங்கித் தருவதாகச் சொன்னவரிடம் ஆதார், பான் நகலைக் கொடுத்துவிட்டு, பேர்கூடக் கேள்விப்படாத நிறுவனத்துக்காகக் கோடிக்கணக்கில் ஜிஎஸ்டி நோட்டீஸ் வாங்கிய கூலித் தொழிலாளிகளின் கதை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல.

சம்பாதிக்காத பிள்ளைக்கு வரிப் பாடம் எதற்கு என்பார்கள். மொபைல் ரீசார்ஜில் 18 சதவீத ஜிஎஸ்டியை அந்தப் பிள்ளை ஏற்கெனவே கட்டிக்கொண்டுதான் இருக்கிறது. பாடச்சுமை என்ற ஆசிரியர்களின் புகார் நியாயமானது. அதனால்தான் புதிய பாடம் வேண்டாம் என்கிறோம். 'நான் முதல்வன்' திட்டத்தில் பிளஸ் 1, பிளஸ் 2 மாணவர்களுக்கு நான்கைந்து வகுப்பு ஒதுக்கினால் போதும். வீட்டு வரி ரசீதையும் கடை பில்லையும் கொண்டுவரச் சொல்லி அவற்றிலிருந்தே தொடங்கலாம். நகராட்சியில் அரையாண்டின் முதல் 30 நாளுக்குள் சொத்து வரி கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு என்று பிள்ளை வீட்டில் போய்ச் சொன்னால், அப்பாவும் பாடம் கேட்பார். போடி ஏலக்காய் ஏல மையத்துக்கு அழைத்துப் போய், ஒரு விற்பனைச் சீட்டில் 5 சதவீத ஜிஎஸ்டி எங்கே ஏறுகிறது என்று காட்டலாம்.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பழையதை மறந்து புதிதாகப் படிக்க வேண்டிய நிலையில்தான் பெரியவர்களும் இருக்கிறார்கள். பள்ளிக் கல்வித் துறை வரும் கல்வியாண்டிலேயே தேனி மாவட்ட அரசுப் பள்ளிகளில் இதைத் தொடங்க வேண்டும்.